தேடுகிறவன் அடிக்கும் சொல்

பல்கீஸை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆபரேஷன் தியேட்டர் கதவருகே.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். தலையில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு உதடுகளும் சேர்ந்து அழுந்தியிருந்தன. 'ம' ஆக இருக்கலாம். 'ப' ஆகவும் இருக்கலாம்.

நான் காத்திருந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். அவள் சொல்லை நான் முடித்துவைப்பதில்லை.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவருக்கு அது தெரிய வழியில்லை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வந்து பேசிக்கலாம்க்கா" என்று அன்பாகத்தான் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஞானசிகாமணி சாரும் அவருடைய செயலியும்தான். அதனால் அதை எழுதுகிறேன்.

*

மேலப்பாளையம் பஜாரில் கீழே என் செல்போன் ரிப்பேர் கடை. மாடியில் எங்கள் வீடு. வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் பல்கீஸ் வேலை பார்த்தாள்.

என்ன வேலை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவர் செல்போனுக்கு ஒரு செயலி செய்து ப்ளே ஸ்டோரில் வைக்கிறார். அது லட்சக்கணக்கான செயலிகளுக்கு நடுவே கிடக்கும். அது தேவைப்படுகிற ஆள் தேடும்போது, அவன் கண்ணில் படுகிற இடத்துக்கு மேலே வர வேண்டும். செயலியின் பெயர், விளக்கம், படம் எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடி அவள் மாற்றிக் கொடுப்பாள். சென்னையிலும் பெங்களூரிலும் அவளுக்கு வேலை கொடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் எழுத்தில்தான். அவர்களில் ஒருவரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

அவளுக்குப் பேச்சு திக்கும். அதை நான் இங்கே எழுத்தில் செய்து காட்டப் போவதில்லை. அவள் சொன்னதாக நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், சில சமயம் நடுவிலும், ஒரு காத்திருப்பு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனாலேயே அவள் ஒரு சொல்லைக்கூட வீணாக்கியதில்லை.

*

ஞானசிகாமணி சார் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் வீடு. முகத்தை யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கடை வாசலில் நின்று, "பாய், மாடியில ஒரு அம்மா இருக்காங்களாமே" என்று அவர் கேட்டதும், எதிர் டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

மாடிக்கு அழைத்துப் போனேன்.

"ஒரு செயலி செஞ்சிருக்கேம்மா" என்றார். "பேச்சு திக்குறவங்களுக்கு. வீட்டுல இருந்தபடியே பயிற்சி எடுக்கலாம். பாடம் எல்லாம் என் குரல்தான். மூணு வருஷ உழைப்பு. ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டேங்குது."

"பேரு?" என்றாள் பல்கீஸ்.

"நாநலம்."

பல்கீஸ் தன் போனில் தேடினாள். தமிழில் அடித்தாள், வரவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்தாள். மருந்துக் கடை வந்தது. சர்க்கரை அளவைக் குறித்து வைப்பது வந்தது. தள்ளிக்கொண்டே போனபோது அடியில் நாநலம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு விமர்சனம். ஒரே ஒரு நட்சத்திரம்.

'நான் நலமா என்று பார்க்க இறக்கினேன். பிரஷர் காட்டவில்லை. வேஸ்ட்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். சார் சிரிக்கவில்லை.

"ஒரு அறக்கட்டளைக்காரங்கதான் இதைத் தாங்குறாங்க" என்றார். "வருஷக் கடைசிக்குள்ள ஆள் சேரலைன்னா எடுத்துருவாங்க. என் குரல் போனாப் போகட்டும். அதை முப்பது வருஷம் காத்துல விட்டவன்தான் நான். ஆனா எங்கயோ ஒருத்தன் பேச்சு வராம ஒரு மூலையில நிக்கிறான். இப்படி ஒண்ணு இருக்குன்னே அவனுக்குத் தெரியாமப் போயிரும்."

பல்கீஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சு தரவா? நீங்க கத்துக்கிறீங்களா?"

"கத்துக்கிறேன்" என்றார் சார். எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி, வானொலி நாடகக் குரலில், "குருவே!" என்றார்.

பல்கீஸ் சிரித்தாள். அவளைவிட அவர் முப்பது வயது மூத்தவர்.

*

மறுநாள் சார் ஒரு யோசனையோடு வந்தார்.

"குருவே, என் தம்பி மகன் ஒண்ணு சொன்னான். விளக்கத்துல ஜாதகம், கிரிக்கெட், சினிமாப் பாட்டுன்னு எல்லாத்தையும் எழுதிப்புடணுமாம். அதைத் தேடுறவன் கண்ணுலயும் நாம படுவோமாம்."

பல்கீஸ் எழுந்தாள். படியிறங்கிக் கடைக்கு வந்தாள். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்தாள். மார்க்கரால் 'சூடான மட்டன் பிரியாணி' என்று பெரிதாக எழுதினாள். என் கடை வாசலில் தொங்கவிட்டாள்.

"என்ன புள்ள இது?" என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும், மச்சான்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

சாரை ஸ்டூலில் உட்காரவைத்தேன். மதிய ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

"பாய், ரெண்டு பார்சல்."

"பிரியாணி இல்லீங்க. செல்போன் ரிப்பேர்."

"பிறகு எதுக்குவே எழுதிப் போட்டிருக்கீரு? பசிக்கிற வயித்தோட விளையாடுறீரா?"

அவர் போனதும் இன்னொருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "மட்டன் தீந்துட்டா பாய்? குஸ்காவாவது இருக்கா?"

எதிர் டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது. "பாய்கிட்ட டிஸ்ப்ளே மாத்தினா நல்லி எலும்பு இலவசமாம்ல!"

சாயங்காலம் பல்கீஸ் இறங்கி வந்தாள்.

"ஆள் வந்தாங்களா?"

"கடை கொள்ளாத கூட்டம்" என்றார் சார்.

"போனைக் குடுத்தவங்க?"

"ஒருத்தரும் இல்ல." சார் தலையைக் குனிந்துகொண்டார். "கையில உடைஞ்ச போனோட ஒருத்தர் வந்தார். போர்டைப் பாத்தார். பாய் தொழிலை மாத்திட்டார் போலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டார்."

அட்டையை அவரே எழுந்து கழற்றினார்.

"அப்ப நான் என்ன செய்யட்டும் குருவே?"

"இங்கயே உக்காருங்க. காதைக் குடுங்க."

*

சார் தினமும் வந்து என் கடையில் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் பாதிப் பேர் செயலியைத் தாங்களாக இறக்குவதில்லை. கடைக்கு வந்து கேட்பார்கள்.

"பாய், கரண்டு பில்லு கட்டுறது ஒண்ணு இறக்கித் தாங்க."

"ரயில் எங்க வந்துகிட்டு இருக்குன்னு காட்டுமே, அது போட்டுக் குடுங்க."

ஒரு வயதான பெண்மணி போனை என் முன்னால் வைத்தார். "எம் மருமவ துபாய்லருந்து மூஞ்சியக் காட்டிப் பேசுவாளே, அது காணாமப் போயிட்டு வாப்பா."

"அது பேரு என்னம்மா?" என்று சார் ஆர்வமாகக் கேட்டார்.

"பேரா? பேரு மும்தாஜு. மாசமா இருக்கா."

அன்று மாலை சார் மாடியேறினார்.

"குருவே, வந்தவங்கள்ல ஒருத்தரும் பேர் சொல்லிக் கேக்கலை."

"பேர் தெரிஞ்சவன் ஏன் தேடுறான்?" என்றாள் பல்கீஸ்.

சார் மெதுவாக, "நாநலம்" என்று ஒரு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஊரில் இல்லாத ஒருவரின் பெயரைச் சொல்வது போலிருந்தது.

*

பக்ரீதுக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். தம்பியின் போனில் கண்ணாடி உடைந்திருந்தது. பேசியதெல்லாம் அண்ணன்தான்.

"நல்லா மாத்திக் குடுங்க பாய். மாப்பிள்ளைப் போன். பெருநாள் கழிச்சு நிக்காஹ்."

"மாஷா அல்லாஹ்" என்றேன்.

"எங்க மாஷா அல்லாஹ்! ஹஜ்ரத் கேக்கும்போது கபூல்னு ஒத்தச் சொல்லு சொல்லணும் பாய். அதுக்கு இவனுக்கு இப்பமே வேர்க்கு. கண்ணாடி முன்ன நின்னு நின்னு சொல்லிப் பாக்கான், வரமாட்டேங்கு. நான் வேணா பக்கத்துல இருந்து சொல்லிட்டா நிக்காஹ் எனக்கு ஆயிரும்லா, எம் பொண்டாட்டி கொன்னுபுடுவா."

அண்ணன் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் நிக்காஹில் பல்கீஸ் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. பெண் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. ஜமாஅத் முன்னால் அவன் 'கபூல்', அதாவது ஏற்றுக்கொண்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். அண்ணன் டீ குடிக்க எதிர்ப்பக்கம் போனார். தம்பி போனைச் சரிபார்ப்பது போல உடம்பைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் திரையை மறைத்தபடி ப்ளே ஸ்டோரில் ஏதோ அடித்தான். சார் அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தார். அவருக்குத் திரை தெரிந்தது.

அவன் அடித்த சொல் 'திக்குவாய்'. ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான்.

முதலில் வந்தது காமெடித் தொகுப்பு ஒன்று. பல்லைக் காட்டும் ஒரு முகம். 'திக்குவாய் காமெடி. கேட்டுச் சிரியுங்கள்.' அதன் கீழே அதே போல இன்னொன்று.

அவன் போனை அணைத்தான். சட்டைப் பைக்குள் போட்டான். சார் எழுந்து "தம்பி" என்று கூப்பிடுவதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

*

சார் மாடியேறி வந்து நடந்ததைச் சொன்னார். குரல் பதறியது.

"அவன் தேடினது என்கிட்ட இருக்கு குருவே. நான் ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருந்தேன். அவனுக்கு நிக்காஹ் பெருநாள் கழிச்சாம். அதுக்குள்ள அவன் கண்ணுல இது படணும்."

"அவன் என்ன அடிச்சான்?"

"ஊர்ல சொல்வாங்களே, அந்தச் சொல்தான்."

"பேரை மாத்துங்க."

"மாத்துறேன். 'பேச்சுச் சீர்மை'ன்னு வைக்கட்டுமா?"

பல்கீஸ் தலையாட்டினாள், இல்லை என்று.

"'உரைத்தடை நீக்கம்'?"

"யார் அடிப்பா?"

"அந்தச் சொல்லைப் போட மாட்டேன்" என்றார் சார்.

அது வானொலிக் குரல் இல்லை. நான் அதுவரை கேட்டிராத குரல்.

"எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்கு ஞானசிகாமணின்னு ஒரு பேர் இருந்ததே பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாதும்மா. அந்தச் சொல்தான் என் பேர். 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்ல வராது. வாத்தியார் என்னைத் தாண்டி அடுத்த பேருக்குப் போயிருவார். பெஞ்சுல இருந்துகிட்டே ஆப்சென்ட். அந்தச் சொல்லை மறுபடி கேக்கக் கூடாதுன்னுதான் ஆத்தங்கரையில போய்க் கத்திக் கத்திப் பழகினேன். செய்தி வாசிக்கிறவனாவே ஆனேன். இப்ப அதையே எடுத்து எம் பிள்ளை நெத்தியில எழுதச் சொல்றீங்க."

அதுவரை எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

பல்கீஸ் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். அன்று அவளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் நெடுநேரம் ஆயிற்று. சார் குறுக்கிடவில்லை.

"அன்னைக்கு உங்க கையில செல்போன் இருந்திருந்தா, என்ன சொல்லை அடிச்சுத் தேடியிருப்பீங்க?"

சார் விசைப்பலகையைப் பார்த்தார்.

"அவனை அடிச்ச சொல்லைத்தான் சார் அவன் அடிப்பான். வேற பேர் அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே."

கீழே தெருவில் ஐஸ் வண்டியின் மணி கேட்டது.

"அந்தச் சொல் ஒரு இடம் சார். அவன் அங்கதான் வருவான். அங்க இப்ப யாரு நிக்கிறா?"

"காமெடிக்காரன்."

"நீங்க போய் நில்லுங்க."

சார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்றைக்கு 'வரேன் குருவே' என்று சொல்லவில்லை.

சில நாள் ஆளைக் காணோம். நான் பல்கீஸிடம், "ரொம்பச் சொல்லிட்டியோ?" என்று கேட்டேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சார் வந்தார். நேராக மாடிக்குப் போனார். பல்கீஸ் எழுந்து கம்ப்யூட்டரின் முன் இருந்த தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். அவர் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அடித்தார்.

'திக்குவாய் – நாநலம்.'

விளக்கத்தில் அந்தச் சொல்லை ஜனங்கள் ஆங்கில எழுத்தில் எப்படியெப்படியெல்லாம் அடிப்பார்களோ அப்படியெல்லாம் எழுதினார். தப்பும் தவறுமாக. வாழ்நாள் முழுக்க ஒரு ழகரம் பிசகாமல் வாசித்த மனிதர்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லிப் பாக்க முடியலை. எழுத முடியுது" என்றார்.

*

மெல்ல மெல்ல நாநலம் மேலே ஏறியது. காமெடிக்கு நாலு இடம் கீழே வந்தது. இரண்டு இடம் கீழே வந்தது. சார் தினமும் காலையில் எனக்குப் போன் செய்து, செய்தி வாசிப்பது போல இடத்தைச் சொல்வார். பிறகு ஒரு நாள் போன் வரவில்லை. அது மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது.

"குருவே, பேரையும் மாத்தியாச்சு. பெருநாளுக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்தான். இப்ப ஏன் கீழ போகுது?"

பல்கீஸ், இறக்கியவர்களின் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"வர்றாங்க. உடனே அழிச்சுட்டுப் போயிடறாங்க. அப்படிப் போனா, அவங்க தேடினது இது இல்லன்னு ஸ்டோர் நினைச்சுக்கும். கீழ தள்ளிரும்."

"எந்தப் பாடத்துல போறாங்க?"

"பாடத்துக்கே வரலை. முதல் பக்கத்துல."

முதல் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். அதைத் தொட்டால் சாரின் குரல் வரும். 'வணக்கம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.'

"பேச்சு எந்த அளவுல இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு சொல் வேணுமேம்மா. எல்லாருக்கும் தெரிஞ்ச சொல் அவங்கவங்க பேர்தானே?" என்றார் சார்.

பல்கீஸ் திரையை மூடினாள்.

"என் பேரைக் கேளுங்க."

"எனக்குத்தான் தெரியுமே."

"கேளுங்க சார்."

"உங்க பேர் என்னம்மா?"

அவள் உதடுகள் சேர்ந்தன. அழுந்தின. கழுத்து நரம்பு எழுந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் டீ எடுத்துக்கொண்டு வந்தவன் வாசல்படியிலேயே நின்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். இன்னும் வரவில்லை.

"பல்கீஸ்" என்றார் சார்.

இரக்கத்தோடுதான் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவருக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பல்கீஸ் புன்னகைத்தாள். தன் போனை எடுத்து நாநலத்தைத் திறந்து பச்சை வட்டத்தைத் தொட்டாள். பேசாமல் இருந்தாள். வட்டம் அணைந்தது. சாரின் குரலே பேசியது.

'சரியாகக் கேட்கவில்லை. மறுபடி முயற்சி செய்யுங்கள்.'

"நாலு நொடி" என்றார் சார், அந்தக் குரல் அடங்கியதும். "நான்தான் வைக்கச் சொன்னேன். வானொலியில நாலு நொடி சத்தமில்லாமப் போனா, ஏதோ செத்துட்ட மாதிரி. மேலிருந்து போன் வந்துரும், என்னாச்சு என்னாச்சுன்னு. முப்பது வருஷம் மௌனத்துக்குப் பயந்தே வேலை பாத்தவன். அதை அப்படியே அந்தப் பிள்ளைகளுக்கும் வச்சிட்டேன்."

"பரவாயில்ல சார்."

"எங்க வாத்தியார் எனக்குச் செஞ்சதும் இதுதான். தாண்டிப் போயிட்டார்."

டீயைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பேரை முதல்ல கேக்க வேண்டாம்" என்றாள் பல்கீஸ். "பேர்தான் ரொம்பக் கஷ்டம். தண்ணின்னு வரலைன்னா, குடிக்கக் குடுங்கன்னு மாத்திச் சொல்லித் தப்பிச்சுக்கலாம். பேரை எப்படி மாத்துறது?"

"கபூலையும் மாத்த முடியாது" என்றேன் நான். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்கள் பேச்சில் கலந்துகொள்கிறவன் இல்லை.

"பேரைக் கேக்கறதையே எடுத்துடறேன்" என்றார் சார். "நேரத்தை எவ்வளவு வைக்கட்டும் குருவே? எட்டு நொடி? பத்து?"

இந்தத் தடவை 'குருவே' என்றதில் நாடகம் இல்லை.

பல்கீஸ் என்னைக் காட்டினாள்.

"அவங்ககிட்டக் கேளுங்க. எனக்காக எவ்வளவு நேரம் நிப்பாங்கன்னு."

சார் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் பாய்?"

யோசித்தேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"நான் கடிகாரம் பாத்ததில்லையே சார்" என்றேன்.

"அதையே வைங்க" என்றாள் பல்கீஸ்.

*

பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு நாநலம் காமெடிக்கு மேலே வந்தது. அந்த வருடக் கடைசியில் அறக்கட்டளைக்காரர்கள் அதை எடுக்கவில்லை.

பெருநாள் முடிந்து சில நாள் கழித்து சார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். புதிதாக ஒரு விமர்சனம் வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஐந்து நட்சத்திரம். ஒரே ஒரு சொல்.

அதை எங்களுக்கு வாசித்துக் காட்ட சார் வாயெடுத்தார். 'க'விலேயே நின்றுவிட்டது.

பல்கீஸ் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

*

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாடியில் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். சாரால் இப்போது படியேற முடிவதில்லை. கடையில் ஸ்டூலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

நாநலம் இருக்கிறது. அதன் பெயரில் அந்தச் சொல் இன்னும் முதலில் இருக்கிறது. உள்ளே போய்ப் பச்சை வட்டத்தைத் தொட்டுவிட்டு ஒன்றுமே பேசாமல் இருந்தால், அது அணைவதில்லை.